நூல் நிலையத்தார்க்கும் பள்ளி வேண்டும்

ஓர் ஊரில் நூல் நிலையம் வேண்டுமென்ற பேச்சு எழுங்கால், முதற்கண் கட்டடம் எங்கே என்பர். அடுத்து நூல்கள் எத்துணை என்பர். இந்நாளில் மூன்றாவதாகக் கணினி எத்தனை என்பதையும் கேட்கின்றனர். நான்காவதாகக் கேட்க வேண்டுவதொன்று உண்டு. அந்நிலையத்தில் அமர்ந்து, வருவார்க்கு வேண்டுவதைத் தேடி எடுத்துத் தருபவர் யாவர்? அவர் அத்தொழிலை எங்கே கற்றார்? கற்றது பழையதாய்விட்டபின் மீண்டும் எங்கே கற்பார்? இவற்றை எழுப்புவார் அரியர். கட்டடத்திற்குக் கல்வெட்டு உண்டு, கணினிக்குத் திறப்பு விழா உண்டு, ஆளுக்கு இரண்டுமில்லை. நூல் நிலையப் பணியாளர்க்குப் பணியில் அமர்ந்த பின்னரும் காலந்தோறும் கல்வி வேண்டும் என்பதும், அக்கல்வி சிற்றூர் நூல் நிலையத்தின் கடைசிப் பணியாளர் வரை செல்லுதல் வேண்டும் என்பதுமே யாம் ஈண்டு எடுத்துரைக்கப் புகுவது.

இது புதுக்கொள்கையன்று. தமிழ்நாட்டு நூல் நிலைய இயக்கம் பிறந்ததே இதனாற்றான். சீகாழியில் 1892-இல் பிறந்த சீ. இரா. அரங்கநாதன் அவர்களின் பெயரை அறியாத நூல் நிலையத்தார் இரார். அவர் நம்மைப் போன்றே மிஷன் கல்லூரி மாணவர். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் எட்வர்டு ராஸ் என்னும் பேராசிரியரிடம் கணிதம் பயின்றவர். பின்னர்ச் சென்னை மாநிலக் கல்லூரியில் கணித ஆசிரியராயிருந்து, 1924-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூல் நிலையத் தலைவராயினார். அப்பதவிக்குரிய பயிற்சி யாதும் அவர்க்கு அன்று இல்லை. தேர்வுக் குழுவின் முன் செல்லுதற்குச் சின்னாள் முன்பு கலைக்களஞ்சியம் ஒன்றில் நூல் நிலையம் பற்றிய கட்டுரையைப் படித்ததே அவர் செய்துகொண்ட ஆயத்தம் என்பர். மாணாக்கர் கூட்டத்தின் நடுவே பாடம் சொல்லிப் பழகியவர்க்கு, நூல்களுக்கிடையே வேலையின்றித் தனித்திருத்தல் பொறுக்கலாற்றாததாயிற்று. சில வாரங்களிலேயே பழைய கல்லூரிக்குத் திரும்பிவிட விரும்பினார். கல்லூரித் தலைவரோ, முன்னரே உறுதியாகியிருந்த இங்கிலாந்துப் பயணத்தை முதலில் முடித்து வருமாறும், அதன் பின்னரும் மனம் ஒவ்வாதாயின் திரும்பி வரலாமென்றும் கூறி அனுப்பினர்.

இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் அந்நாளில் நூல் நிலையத் தொழிலுக்கென ஒரு பள்ளி இருந்தது. ஆங்கே ஆசிரியராயிருந்த பெர்விக் சேயர்ஸ் என்பார் கிராய்டன் நகர நூல் நிலையத்தின் தலைவருமாவர். ஆகவே வகுப்பறையிற் கேட்டதைக் கிராய்டனிற் கண்ணாற் காணும் வாய்ப்பு அரங்கநாதனார்க்குக் கிட்டியது. அவர் நூற்றுக்கு மேற்பட்ட நூல் நிலையங்களைச் சென்று பார்த்தார். தாழ்வாரத்துச் சிறுவர் முதல் ஆராய்ச்சியாளர் வரை அனைவர்க்கும் நூல் எளிதிற் கிடைத்தலை அங்கே கண்டார். கடையொன்றில், சிறு சிறு உலோகத் துண்டுகளைத் திருகாணியாற் பூட்டிப் பலவகை உருவங்களைச் செய்யும் மெக்கானோ என்னும் விளையாட்டுப் பொருளைக் கண்டபோது, நூல்களை வகைப்படுத்தும் முறைக்கும் அவ்வாறே உறுப்புக்களைப் பூட்டிக் காட்டலாமே என்ற எண்ணம் உதித்தது. 1925-இல் தாயகம் திரும்புங்காலத்துக் கப்பலிலிருந்த சிறு நூல் நிலையத்தையே அம்முறையால் ஒழுங்குபடுத்திப் பார்த்தனராம். அவ்வெண்ணமே 1933-இல் கோலன் பகுப்பு முறை என வெளிவந்து உலகெங்கும் பேசப்பட்டது.

இவ்வரலாற்றில் யாம் உற்று நோக்குவது அவரது மேதையை அன்று; அஃது எல்லோர்க்கும் வாய்ப்பதில்லை. மேசையின் முன் சோர்ந்திருந்த பணியாளர் ஒருவரைப் பல்கலைக்கழகம் ஏறக்குறைய ஓராண்டு படித்து வருமாறு அனுப்பிற்று. சென்றவர் வேறொரு மனிதராய் மீண்டார். அவரை அனுப்பாமல் 'வேலையைப் பார்த்து வேலையைக் கற்றுக்கொள்க' என்று விட்டிருந்தால், மாநிலக் கல்லூரிக்கு மற்றுமொரு கணித ஆசிரியர் திரும்பியிருப்பார். நமக்கு நூல் நிலைய இயல் கிட்டியிராது.

தாம் பெற்றதைத் தம்மளவில் வைத்துக்கொள்ளாமையே அவரது பெருமை. 1928-இல் சென்னை நூலகச் சங்கம் தோன்றிற்று. அடுத்த ஆண்டே, 1929-இன் கோடையில், அச்சங்கம் நூல் நிலையத் தொழிற்பள்ளி ஒன்றைத் தொடங்கியது. கோடையைத் தேர்ந்தமை நுட்பமானது. கல்லூரிகள் மூடியிருக்கும் காலத்தேதான் வேலையிலுள்ளோர் வந்து கற்க இயலும். 1931-இல் அப்பள்ளியைப் பல்கலைக்கழகமே ஏற்றுக்கொண்டது. 1937-இல் அஃது ஓராண்டுப் பட்டயப் படிப்பாய் வளர்ந்தது. இந்தியாவில் இதற்கு முன்னோடி இல்லாமலில்லை. பரோடா மன்னர் அழைத்து வந்த போர்டன் என்னும் அமெரிக்கர் 1911-லேயே ஆங்கு வகுப்பு நடத்தினார். அமெரிக்காவில் மெல்வில் டூயி 1887-இல் கொலம்பியாக் கல்லூரியிற் பள்ளி நிறுவியிருந்தார். எனினும் சென்னைப் பள்ளி கால் ஊன்றி நின்றது. அவ்விடைக்காலத்தே, 1931-இல், மன்னார்குடியை அடுத்த சிற்றூர்களுக்கு நூல்களை மாட்டுவண்டியில் ஏற்றிச் சென்றனர். பொறியாளராயிருந்து ஓய்வுபெற்ற கனகசபைப் பிள்ளை என்பார் அவ்வண்டியை அமைத்தவர். 1948-இல் அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராயிருந்த காலத்துச் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறிற்று. சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் இதுவே. நம் வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்ந்து செல்வது அச்சட்டத்தின் பயனாகும். வரி செலுத்துவோருட் பலர் அதனை அறியார்.

நூல் நிலையம் வளர்ந்துகொண்டே செல்லும் உயிர்ப்பொருள் போன்றது என்பது அரங்கநாதனார் 1931-இல் வெளியிட்ட ஐந்து விதிகளுள் இறுதியானதன் கருத்து. நிலையம் வளரும் என்றால் அதனை நடத்துவாரும் வளர்தல் வேண்டுமல்லவா? நடைமுறையோ வேறாயிற்று. பணிக்குச் சேருமுன் ஒருமுறை சான்றிதழ்ப் படிப்போ பட்டப் படிப்போ முடித்துவிட்டால், ஓய்வு பெறும் நாள் வரை அதுவே கட்டுச்சோறு என்று எண்ணிவிட்டோம். இருபத்தைந்து ஆண்டுகட்கு முன் சான்றிதழ் பெற்றவர் அட்டைப் பட்டியலையும் பேரேட்டையும் கற்றவர். இன்று அவர் முன்னிற்பன கணினியும் பார்கோடும் இணையமும் மின்னூலும். கட்டுச்சோறு எத்தனை நாளைக்குத் தாங்கும்?

இனி எம் ஊர்ப் பக்கத்து நிலையைச் சிறிது கூறுவோம். அபிராமம் இராமநாதபுரம் மாவட்டத்துக் கமுதி வட்டத்தைச் சேர்ந்த பேரூர். கண்மாய் நிறைந்தால் நெல். நிறையாவிடின் மிளகாயும் பருத்தியும். எம் சீமையின் முண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வறண்ட சீமை என்று பிறர் இகழ்வதுண்டு. ஆயினும் 1901-இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவி அதனுடன் நூல் நிலையமும் அமைத்த பாண்டித்துரைத் தேவர் இச்சீமையின் சேதுபதி மரபினரே. புதுக் கருவிகளுக்கும் இச்சீமை அயலன்று. கமுதியில் 2016-இல் 648 மெகாவாட் ஆற்றலுள்ள சூரிய மின் நிலையம் எழுந்தது. அதன் கண்ணாடித் தகடுகளின் மேற்படியும் புழுதியை நாள்தோறும் தானியங்கி எந்திரங்கள் துடைக்கின்றன. அவ்வெந்திரங்களை ஓட்டப் பயிற்சி பெறாதாரை அமர்த்துவார் உளரோ? தகட்டிற் படியும் புழுதிக்குக் காட்டும் கவலையை நூலிற் படியும் புழுதிக்கும் காட்டலாகாதா என்று எம் தோழர் ஒருவர் நகையாடுவதுண்டு.

எம் பக்கத்துச் சிற்றூர் நூல் நிலையம் ஒன்றில் (ஊரின் பெயர் வேண்டா) கணினி ஒன்று வந்து பூப்போட்ட துணியால் மூடப்பட்டு இருந்ததை யாமே பன்முறை கண்டிருக்கின்றோம். அங்குள்ள பணியாளர் சோம்பரல்லர். எந்நூல் எந்த அலமாரியில் எத்தனையாவது தட்டிலிருக்கிறது என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவார். மழைக்காலத்தே ஒழுகுமிடத்திலிருந்து நூல்களைத் தோளிற் சுமந்து மாற்றியவர். கருவியை ஏன் தொடுவதில்லை என வினவினோம். 'ஏதாவது கெட்டுப்போனால் என் தலையில் வரும், தம்பி' என்றார். கருவி வந்தபோது அதனைக் கணக்கிற் பதிந்துகொள்ளச் சொன்னார்களேயன்றி, அருகமர்ந்து காட்டிக் கொடுத்தார் ஒருவருமிலர். அவரைக் குறைகூற எமக்கு மனம் வரவில்லை.

அந்நிலையத்திற்கு வருவார் யாவர்? நாளிதழ் படிக்கும் முதியோர், கதைப்புத்தகம் தேடும் சிறுவர், அரசுப் பணித் தேர்வுக்குப் படிக்கும் இளைஞரும் பெண்டிரும். கடைசியாகக் கூறியவரே இன்று மிகுதி. பழைய வினாத்தாள், பாடநூலின் மின்படி, விண்ணப்பம் அனுப்பும் வழி ஆகியவற்றை அவர்கள் கேட்கின்றனர். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் கிடைத்தற்கரிய பழந்தமிழ் நூல்களும் இதழ்களும் படியெடுத்து வைக்கப்பட்டிருக்கின்றன; பணம் யாதுமின்றி எவரும் படிக்கலாம். தமிழ் பயிலும் எம்போல்வார் மதுரைக்கும் சென்னைக்கும் அலைந்து தேடிய நூலைச் சிற்றூர் நூல் நிலையத்தார் சிறிது நேரத்தில் திரையிற் காட்டிவிடலாம். காட்டுதற்கு அவர் அதனை அறிந்திருத்தல் வேண்டும்.

'இஃதென்ன பெரிய வித்தை? கைபேசி வைத்திருக்கும் சிறுவனும் செய்வானே' என்பாருளர். தமிழ் மாணாக்கராகிய யாம் இதற்கு ஓர் உதாரணம் காட்டுகின்றோம். ஔவையார் என்னும் பெயரை எடுத்துக்கொள்க. இதன் முதலெழுத்து ஔகாரம். கணினியில் அதற்குத் தனிக் குறியீடு உண்டு. தட்டெழுதுவோருட் பலர் அதனை அறியாது ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்துத் தட்டிவிடுகின்றனர். கண்ணுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. கணினிக்கோ இரண்டும் வெவ்வேறு சொற்கள். பட்டியலில் ஒருவகையாய் எழுதி, தேடுவோர் மற்றொரு வகையாய்த் தட்டினால், அலமாரி நிறைய ஔவையார் நூல்களிருந்தும் 'இல்லை' என்ற விடையே வரும். துணையெழுத்தாகிய காலுக்குப் பதில் ரகரத்தைத் தட்டுதலும் இவ்வாறே. இனி, ஆசிரியர் பெயர்களை உரோம எழுத்திற் பதியும்போது ஒருவர் 'எச்' சேர்ப்பர், ஒருவர் விடுப்பர். பாரதியார் ஒருவரே மூன்று நான்கு ஆசிரியராய்ப் பிரிந்து கிடப்பதைப் பட்டியல்களிற் காணலாம். தமிழர் பெயருக்கு முன் நிற்கும் எழுத்து ஊரையோ தந்தையையோ குறிப்பது. மேனாட்டார் முறைப்படி இறுதிச் சொல்லைக் குடிப்பெயரென்று கொண்டால் மகனைத் தந்தையின் பெயரால் அழைத்த கதையாகும். இன்னும், ஒருங்குறி வருமுன் பற்பல எழுத்துருக்களில் தட்டெழுதிய பட்டியல்களைத் திறந்தால் பூச்சி ஊர்ந்தாற்போன்ற குறிகளே தோன்றும். அவற்றை மாற்றுங் கருவிகள் உள்ளன என்பதை அறியாமையால், செய்த வேலையை மீண்டும் முதலிலிருந்து செய்தாரும் உளர். இவற்றைக் கைபேசிச் சிறுவன் அறியான். தமிழும் தொழிலும் கருவியும் ஒருங்கறிந்தாரே அறிவர். அவ்வறிவு பயிற்சியினால் வருவது.

கருவிக்குப் பெருஞ்செலவாகும் என்ற சாக்கும் இக்காலத்திற் செல்லாது. நூல் நிலைய வேலைகளையெல்லாம் செய்யவல்ல கோஹா என்னும் மென்பொருள் விலையின்றிக் கிடைக்கிறது. அது பிறந்த வரலாறு சிற்றூரார்க்கு ஊக்கமளிப்பது. நியூசிலாந்து நாட்டில் ஹோரோவேனுவா என்னும் ஊர்ப்புறத்து நூல் நிலையங்களில் இருந்த பழைய மென்பொருள், 2000-ஆம் ஆண்டு பிறந்தால் தேதியைக் கணக்கிடாது தடுமாறும் என்ற அச்சம் எழுந்தது. புதியது வாங்கப் பொருளில்லை. 1999-இல் தாமே ஒன்றைச் செய்வித்து, 2000 ஜனவரியில் ஓட்டத் தொடங்கி, உலகத்தார் யாவர்க்கும் அதனை வழங்கிவிட்டனர். கோஹா என்பது அந்நாட்டு மவோரி மொழியில் ஒருவகை நன்கொடையைக் குறிக்கும். பெற்றவர் தக்க காலத்தில் திருப்பிச் செய்தல் வேண்டும் என்ற எதிர்நோக்கு அதிலுண்டு. நம் ஊர் மொய்யை அறிந்தார்க்கு விளக்கம் வேண்டா. இந்தியாவிலும் பல கல்லூரிகள் இம்மொய்யைப் பெற்றுக்கொண்டன. எனினும் விலையின்றி வந்த மென்பொருளை நிறுவவும் பழுது பார்க்கவும் அறிந்தவர் இல்லாவிடின், அதுவும் துணி போர்த்திய கணினியின் உள்ளேயே உறங்கும்.

முதியோர் புதியன கற்கமாட்டார் என்பதும் ஒரு பொய்யான அச்சமே. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் சார்லட் மெக்லன்பர்க் பொது நூல் நிலையத்தார் 2006-இல் ஒரு முயற்சி செய்தனர். இணையத்திற் புதியனவாய் வந்தவற்றைப் பணியாளர் எல்லோரும் கற்கும்பொருட்டு இருபத்து மூன்று சிறு வேலைகளை வகுத்தனர்: ஒரு படத்தை ஏற்றுக, ஒரு குறிப்பை எழுதுக, ஒன்றைத் தேடிப் பார்க்க என்றவாறு. வகுப்பறையில்லை, தேர்வில்லை, அவரவர் தம் மேசையில், தம் கைப்பழக்கத்திற்கேற்பச் செய்யலாம், முடித்தவர்க்கு இசை கேட்குஞ் சிறு கருவி ஒன்று பரிசு. தலைவர் முதல் நூல் அடுக்குவார் வரை அனைவர்க்கும் ஒரே திட்டம். ஹெலன் பிளோவர்ஸ் என்னும் அம்மையார் வகுத்த இத்திட்டத்தைப் பின்னர்ப் பல நாட்டு நூல் நிலையங்கள் மேற்கொண்டன. நம் நாட்டில் இதனைத் தமிழிற் செய்யத் தடையென்ன? முதல் வேலையாக 'ஔவையாரைச் சரியாகத் தட்டித் தேடுக' என்று வைத்தால் எம் வாக்கு அதற்குண்டு.

பயிற்சி நம் நாட்டில் அறவே இல்லையென்று யாம் கூறவில்லை. கல்லூரி நூல் நிலையத் தலைவர்க்குப் பல்கலைக்கழக மானியக் குழுவின் ஏற்பாட்டிற் புத்தாக்கப் பயிற்சி வகுப்புக்கள் உண்டு. பதவி உயர்வுக்கு அவை கணக்கிற் கொள்ளப்படுகின்றன. 1991-இல் தொடங்கிய இன்ஃப்ளிப்நெட் என்னும் நடுவம் பல்கலைக்கழக நூல் நிலையங்களை ஒன்றோடொன்று இணைத்ததுடன் பயிற்சியும் அளித்து வருகிறது. அரசு நூலகத் துறையிலும் அவ்வப்போது வகுப்புக்கள் நடைபெறுகின்றன. ஆயினும் மேலிருப்பவர்க்கு மிகுதியும் கீழிருப்பவர்க்குக் குறைவுமாகவே இக்கல்வி பாய்கிறது. கால்வாயின் தலைமடையில் உள்ள வயல் நிறைந்து, கடைமடை காய்வதை எம் சீமையார் நன்கறிவர். நூல் எடுத்துத் தருபவர், சேதமுற்றதைக் கட்டுபவர், ஊர்ப்புற நூலகத்தைத் தனியொருவராய்த் திறந்து பூட்டுபவர் ஆகியோரே வாசகர் முகத்தை நாள்தோறும் காண்பவர். தனியொருவராய் நடத்துபவர் பயிற்சிக்குச் சென்றால் அன்று நூல் நிலையம் மூடியிருக்கும். ஆதலின் அவர் செல்வதில்லை. ஆகவே அவர்க்கு மாற்றாள் அனுப்புதலும், அந்நாட்களுக்குரிய ஊதியத்தையும் வழிச்செலவையும் தருதலும், கற்றதற்குப் பணிப்பதிவேட்டில் இடமளித்தலும் இன்றியமையாதன. 'சொந்த ஆர்வத்தாற் கற்கட்டும்' என்பது பிறர் செலவில் ஆர்வம் காட்டுவதாகும்.

இவ்விடத்தே எம் பக்கத்து வரலாறு ஒன்றையும் நினைவு கூர்தல் தகும். காரைக்குடியை அடுத்த கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் என்பார் தம் வாழ்நாளெல்லாம் தமிழ் நூல்களையும் இதழ்களையும் துண்டு விளம்பரங்களையும் திரட்டினார். 1992-இல் அவர் மறைந்தபின், சிகாகோப் பல்கலைக்கழகத்தின் முயற்சியால் அத்திரட்டு சென்னை சேர்ந்து, 1994-இல் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாயிற்று. அத்திரட்டை நுண்படமெடுத்தலும் அதன் பட்டியலைக் கணினியில் ஏற்றுதலும் வெளிநாட்டுக்கு அனுப்பிச் செய்யப்படவில்லை; சென்னையிலேயே, தமிழறிந்த பணியாளர் கையால் நடந்தன. பல நாட்டு ஆராய்ச்சியாளர் இன்று அங்கு வருகின்றனர். நுண்படமெடுத்தலை நம்மவர் கற்றனரெனின் கோஹாவைக் கற்கமாட்டாரோ?

நம் கல்லூரி இதில் செய்யத்தக்கது ஒன்றுண்டு. மே மாதத்தில் நம் கணினி அறை பூட்டிக் கிடக்கிறது. நூல் நிலையமும் பாதிப்பொழுதே திறந்திருக்கிறது. விடுதி அறைகள் வெறுமையாயுள்ளன. 1929-இன் கோடைப் பள்ளியைப் போன்று, இராமநாதபுரம், மதுரை, சிவகங்கை மாவட்டங்களின் சிற்றூர் நூல் நிலையத்தார் சிலரை அழைத்து இரண்டு வாரம் தமிழிலேயே பயிற்சி நடத்தலாம். நம் நூல் நிலையத் தலைவரும் கணினித் துறையாரும் ஆசிரியராகலாம். தமிழ்த் துறை மாணாக்கர் ஆசிரியர் பெயர்ப் பட்டியலைத் திருத்தந்தர உடனமரலாம்; அவ்வேலை நமக்கும் பாடமாகும், ஏனெனில் பதிப்பு வரலாற்றை வகுப்பிற் கேட்பதினும் தலைப்புப் பக்கத்தைக் கையில் வைத்துப் பதிதலே நன்கு விளங்கும். மாணாக்கர் கற்பிக்க மட்டும் அமரலாகாது. ஒழுகும் கூரையின் கீழ் ஆயிரக்கணக்கான நூலைக் காத்தவரிடம் நாம் கேட்டறிய வேண்டுவனவும் பல. பயிற்சி முடிந்து ஊர் திரும்பியவர்க்கு ஆறு திங்கள் கழித்து ஒருவர் நேரிற் சென்று, துணி விலகியதா என்று பார்த்து வருதலும் வேண்டும்.

இக்கருத்தை விண்ணப்பமாக வரைந்து முதல்வர் அவர்களுக்கும் மாவட்ட நூலக அலுவலர்க்கும் அனுப்பத் தமிழ் மன்றத்தார் எண்ணியுள்ளனர். கையொப்பமிட விரும்பும் மாணாக்கரும், தம் ஊர் நூல் நிலையத்தார் பெயரைத் தெரிவிக்க விரும்பும் பழைய மாணாக்கரும், ஆண்டுத் தேர்வு தொடங்குமுன் மன்றச் செயலாளரைக் காண்பாராக.